வளவு வரை வரலாம்: குடல் பாக்டீரியாக்களோடு உடல் பழகும் விதம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாலு பேர் கூடி உடல்நலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டு செய்திகள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, எதிர்ப்பு சக்தியை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்ட வேண்டும் என்பது. அதற்கான கஷாயம், பொடி, மாத்திரைகளின் பெயர்கள் உடனே வரிசையாக வரும். மற்றொன்று, வயிற்றிலுள்ள கிருமிகளை அவ்வப்போது அடியோடு வெளியேற்றிவிட வேண்டும் என்பது. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கிய பழைய வழக்கத்தின் சுவடு அதில் இருக்கிறது. ஆனால் நலமாக இருக்கும் எந்த மனிதருடைய குடலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன. அவருடைய நோயெதிர்ப்பு மண்டலமும், அதாவது கிருமிகளை அடையாளம் கண்டு அழிக்கும் செல்களும் அவை சுரக்கும் பொருள்களும் சேர்ந்த அமைப்பும், முழு வலுவோடு இருக்கிறது. கண்ட கிருமியையெல்லாம் கொல்வதுதான் எதிர்ப்பு என்றால் இந்த இரண்டும் ஓர் உடலில் ஒரு நாள்கூடச் சேர்ந்திருக்க முடியாது. அவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதை மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

## குடலில் இருப்பவை எவை?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். குழந்தைகளுக்கு மாத்திரை கொடுத்து வெளியேற்றப்படும் ‘பூச்சி’ என்பது குடற்புழு. அது ஒரு விலங்கு. அதை நீக்குவது சரியான செயல். நாம் இங்கே பேசுவது நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் பாக்டீரியாவைப் பற்றி.

மனித உடலில் மனிதச் செல்களைப்போல் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் உள்ளன என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இன்றும் பலர் எழுதுகிறார்கள். 2016-இல் வெளியான ஒரு மறுகணக்கீடு அதைத் திருத்தியது. 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி மனிதச் செல்களும் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் இருக்கின்றன என்பது அதன் முடிவு. ஏறக்குறைய சரிக்குச் சரி. அந்தப் பாக்டீரியாக்களின் மொத்த எடை சுமார் 200 கிராம். அவற்றில் மிகப் பெரும்பங்கு பெருங்குடலில் இருக்கிறது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்க வைக்கின்றன, வைட்டமின் கே போன்ற சிலவற்றை உண்டாக்குகின்றன, நோய்க்கிருமிகள் வந்து குடியேற இடமில்லாமல் செய்கின்றன.

## வளவும் பூட்டிய அறையும்

கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஒரு நகரத்தார் வீட்டின் முகப்பில் நின்று பார்த்தால், வாசல்கள் நேர்கோட்டில் அமைந்திருப்பதால் பின்கட்டு வரை பார்வை போகும். பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். நடுவில் வானம் பார்த்த வளவு. வெயிலும் மழையும் அதில் விழும், குருவிகள் வந்து போகும், கல்யாண நாளில் சமையற்காரர்களும் பந்தற்காரர்களும் பூக்கட்டுபவர்களும் அங்கேதான் நடமாடுவார்கள். யாரும் யாரையும் தடுப்பதில்லை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது வீட்டில் மணமான ஒவ்வொரு ஆணின் குடும்பத்துக்கும், உரியவை. சீர்ச் சாமான்களும் வெள்ளியும் அவற்றில் பூட்டியிருக்கும். வளவில் நின்றபோது யாரும் ஏனென்று கேட்காத அதே ஆள் பூட்டிய அறைக்குள் காணப்பட்டால் வீடே கூடிவிடும்.

குடலும் இரு முனையும் திறந்த ஒரு குழாய்தான். அதன் உட்குழி உடலின் நடுவே இருந்தாலும் உண்மையில் வெளியுலகத்தின் தொடர்ச்சி; உணவும் நீரும் அவற்றோடு வரும் நுண்ணுயிர்களும் அதில் வந்து போகின்றன. உட்குழிக்கும் உடலின் திசுவுக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு செல் அடுக்கு. எபிதீலியம் என்று பெயர் பெற்ற இந்த அடுக்கு, மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் பெரும்பாலும் புதிதாகிவிடுகிறது. உணவுப் பாதை முழுவதும் இதை விரித்துப் பார்த்தால் சுமார் 32 சதுர மீட்டர் வரும். இவ்வளவு மெல்லிய சுவருக்கு ஒரு புறம் லட்சக்கணக்கான கோடி பாக்டீரியாக்களும் மறுபுறம் உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் ஏராளமாகவும் இருக்கின்றன.

இ.கோலை என்ற பாக்டீரியாவின் பல வகைகள் பெருங்குடலில் ஆண்டுக்கணக்கில் தீங்கின்றி வாழ்கின்றன. அதே இ.கோலை சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிட்டால் காய்ச்சலும் எரிச்சலும் உண்டாகின்றன. இரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. குடல்வால் வெடித்தால் உடனே அறுவை சிகிச்சை செய்வதற்கும் காரணம், குடலுக்குள் இருக்க வேண்டியவை வயிற்றறைக்குள் சிந்திவிடுவதுதான். ஆகவே உடல் கேட்கும் கேள்வி ‘இது யார்?’ என்பது மட்டுமன்று. ‘இது எங்கே நிற்கிறது?’ என்பதும்கூட.

வீட்டு உவமை இதற்குமேல் செல்லாது. கல்யாண வீட்டில் வருபவர்களை அடையாளம் தெரிந்தவர்கள் முன்பே இருக்கிறார்கள். நோயெதிர்ப்பு மண்டலமோ ஒவ்வொரு மனிதரிடத்திலும் தன் குடலில் வந்து சேர்ந்தவற்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

## முதலில் தூரம்

கற்றலுக்கு முன்பே, சண்டை மூளாதபடி இரு தரப்பையும் விலக்கி வைக்கும் ஏற்பாடுகள் உள்ளன. அவற்றில் முதன்மையானது கோழை. பெருங்குடலில் இது இரண்டு படலங்களாக இருக்கிறது: வெளிப்படலம் தளர்வானது, பாக்டீரியாக்கள் அதில் தங்கி வாழும், செல்லை ஒட்டிய உட்படலம் இறுக்கமானது, அதில் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய இருப்பதே இல்லை. இந்தக் கோழையை ஆக்கும் முக்கியப் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் பாக்டீரியாக்கள் நேரே செல்களை ஒட்டிக்கொண்டு குடலில் அழற்சியை ஏற்படுத்துவதைப் பார்த்திருக்கிறார்கள். அழற்சி என்பது நோயெதிர்ப்புச் செல்கள் கூடித் தாக்கும்போது திசு சிவந்து, வீங்கி, புண்ணாகும் நிலை. சிறுகுடலில் கோழை மெலிதாக இருப்பதால், அங்கே பாக்டீரியாக்களைக் கொல்லும் சிறு புரதங்கள் தொடர்ந்து சுரந்து அவற்றை எட்டத்தில் நிறுத்துகின்றன.

இரண்டாவது ஏற்பாடு ஐஜிஏ என்ற ஆன்டிபாடி. ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் இனங்கண்டு ஒட்டிக்கொள்வதற்காக உடல் தயாரிக்கும் புரதம். மற்ற எல்லா வகை ஆன்டிபாடிகளையும் சேர்த்தாலும் ஐஜிஏவின் அளவுக்கு வராது. நாள்தோறும் சில கிராம் அளவுக்கு அதை உடல் உற்பத்தி செய்து, பெரும்பகுதியைக் குடலுக்குள் அனுப்புகிறது. அது பாக்டீரியாவின் மேல் படிந்து, செல்லை நெருங்கவிடாமல் செய்கிறது. ஆனால் மற்ற ஆன்டிபாடிகளைப்போல் அழற்சியைக் கூவி அழைப்பதில்லை. குடல் பாக்டீரியாக்களை உடல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றைக் கவனித்தாலே போதும். நாளும் கிராம் கணக்கில் புரதம் செலவிடப்படும் ஒரு காரியத்தை அலட்சியம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது ஏற்பாடு, அபாயத்தை உணரும் உணர்விகள் பொருத்தப்பட்டிருக்கும் இடம். சில பாக்டீரியாக்கள் நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதத்தை அறியும் உணர்வி, பெருங்குடல் செல்லின் மேற்புறத்தில் இல்லாமல் அடிப்புறத்தில், அதாவது திசுவை நோக்கிய பக்கத்தில் இருக்கிறது. மேலே நீந்தும் பாக்டீரியாவால் அது தூண்டப்படாது. சுவரைத் துளைத்து உள்ளே வந்தால் உடனே தூண்டப்படும். டைபாய்டு உண்டாக்கும் சால்மோனெல்லா குடலின் நிணநீர்த் திட்டுகள் (குடற்சுவரில் நோயெதிர்ப்புச் செல்கள் குவிந்திருக்கும் இடங்கள்) வழியாகச் சுவரைக் கடந்து உள்ளே நுழைகிறது. குடல்வாசிகளைப் பொறுத்துக்கொள்ளும் உடல் அதோடு மட்டும் போராடுவதற்கு இப்படி எல்லை மீறுவது ஒரு முக்கியக் காரணம்.

இதுவரை பார்த்தது: கோழை, கொல்லும் புரதங்கள், ஐஜிஏ ஆகியவை பாக்டீரியாக்களை எட்டத்தில் நிறுத்துகின்றன, உணர்விகள் எல்லைக்கு உட்புறத்தைக் காவல் காக்கின்றன. ஆனாலும் பாக்டீரியாக்களின் துணுக்குகள் நாள்தோறும் கொஞ்சம் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். அப்போது நடப்பதே உண்மையான கற்றல்.

## கற்றல் நடக்கும் விதம்

டி செல் என்பது நோயெதிர்ப்பு மண்டலத்தில் கட்டளையிடும் இடத்தில் இருக்கும் வெள்ளணு. ஒவ்வொரு டி செல்லின் மேலும் ஒரே வடிவமுள்ள ஏற்பிகள் இருக்கும். அந்த வடிவத்துக்குப் பொருந்தும் பொருளை மட்டுமே அது அடையாளம் காணும். அப்படி அடையாளம் காணப்படும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். ஏற்பிகளின் வடிவங்கள் தற்செயலாக உருவாவதால், உடலின் சொந்தப் பொருள்களையே தாக்கக்கூடிய டி செல்களும் பிறந்துவிடும். மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் அவை சோதிக்கப்பட்டு, சொந்த உடலோடு வலுவாக மோதுபவற்றுள் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன.

தைமஸின் பாடம் முதன்மையாகச் சொந்த உடலைப் பற்றியது. பாக்டீரியாவோ அயல் பொருள். ஆகவே அதைத் தாக்கக்கூடிய டி செல்கள் தாராளமாக வெளியே உலவுகின்றன. அவற்றுக்கான பாடம் குடலை ஒட்டியே நடக்கிறது.

அதன் முதல் கட்டத்தில் வருபவை டென்ட்ரிடிக் செல்கள். கிளை கிளையாக நீண்டிருக்கும் இவை, குடற்சுவருக்குக் கீழே உட்கார்ந்து, உள்ளே வரும் பாக்டீரியாத் துணுக்குகளை எடுத்துக்கொண்டு, குடலைத் தாங்கும் சவ்விலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போய், அங்குள்ள டி செல்களுக்குக் காட்டுகின்றன. துணுக்கைக் காட்டும்போது கூடவே என்ன வேதிக்குறிப்பு கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அந்த டி செல்லின் பிற்காலம் அமைகிறது. திசுவில் சேதமோ ஊடுருவலோ நடந்திருந்தால் ‘தாக்கு’ என்ற குறிப்பு சேரும். குடல் அமைதியாக இருக்கும் நாளில், டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதமும், வைட்டமின் ஏ-யிலிருந்து டென்ட்ரிடிக் செல்களே தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலமும் சேரும். (முருங்கைக்கீரையை அம்மாக்கள் வற்புறுத்துவது கண்ணுக்காகத்தான்; குடலுக்கும் அதில் பங்கு உண்டு என்பது அண்மைக்காலச் செய்தி.) இந்த இரண்டையும் பெற்ற டி செல், தாக்கும் செல்லாகாமல், ஒழுங்காற்று டி செல்லாக மாறுகிறது.

ஒழுங்காற்று டி செல் என்பது மற்ற நோயெதிர்ப்புச் செல்களை அடக்கி வைக்கும் வேலையைச் செய்யும் டி செல். தனக்குரிய பாக்டீரியாவின் துணுக்கை அடையாளம் கண்டதும், இன்டர்லூக்கின்-10 போன்ற அமைதிப்படுத்தும் புரதங்களைச் சுரந்து, அக்கம்பக்கத்தில் தாக்கத் தயாராக இருக்கும் செல்களையும் அடக்குகிறது. அந்தப் புரதத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் குடல் விழுங்குசெல்கள் உள்ளே வந்த பாக்டீரியாவை விழுங்கிக் கொன்றுவிடுகின்றன. ஆனால் அழற்சியைத் தூண்டும் அபாயக் குரலை எழுப்புவதில்லை. நோயெதிர்ப்புச் சகிப்பு என்று சொல்லப்படுவது இதுதான்: ஆன்டிஜெனை அறிந்த பின்பும் தாக்காதபடி கற்றிருக்கும் நிலை. நான் இந்தத் துறையைப் பற்றிப் படித்தவற்றில் மிகவும் வியந்தது இந்த இடத்தில்தான். அறியாததால் வரும் அமைதி அன்று இது. அறிந்து, அதற்கென்றே செல்களைப் பயிற்றுவித்து, அன்றாடம் காப்பாற்றப்படும் அமைதி.

இந்த அறிவு எளிதில் கிடைக்கவில்லை. அடக்கும் டி செல்கள் இருக்கின்றன என்ற கருத்து 1980-களில் ஆய்வாளர்களிடையே மதிப்பிழந்து போயிருந்த நிலையில், ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் அத்தகைய செல்களைப் பிரித்தறியும் அடையாளத்தைக் காட்டினார். 2001-இல் அமெரிக்காவின் மேரி புரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், ஒருவகைச் சுண்டெலிகள் தம் உடலையே தாக்கி இளமையிலேயே இறப்பதற்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தார்கள். ஃபாக்ஸ்பி3 என்ற அந்த மரபணு கெட்டுப்போன ஆண் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கும், சர்க்கரை நோயும், தோல் அழற்சியும் சேர்ந்து வருகின்றன. ஒழுங்காற்று டி செல்லை உருவாக்குவதே அந்த மரபணு என்பது 2003-இல் உறுதிப்பட்டது. இம்மூவருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சுருங்கச் சொன்னால், தைமஸ் சொந்த உடலைத் தாக்காதிருக்கக் கற்பிக்கிறது. குடலை ஒட்டிய நிணநீர் முடிச்சுகள் பாக்டீரியாவைத் தாக்காதிருக்கக் கற்பிக்கின்றன. அந்தப் பாடத்தைக் கட்டிக் காப்பது ஒழுங்காற்று டி செல்.

## பாக்டீரியாக்களின் பங்கு

மறுதரப்பும் சும்மா இருப்பதில்லை. கிளாஸ்ட்ரிடியா கூட்டத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் சுண்டெலிகளின் பெருங்குடலில் ஒழுங்காற்று டி செல்களைப் பெருக்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். அவை எப்படிச் செய்கின்றன என்பதற்கான ஒரு விடை 2013-இல் கிடைத்தது. நார்ச்சத்தை நொதிக்க வைக்கும்போது இவை பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பமிலத்தை வெளியிடுகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள்; டி செல்களில் ஃபாக்ஸ்பி3 மரபணு இயங்குவதற்கும் அது துணைபுரிகிறது.

நார்ச்சத்து நம் இலையில் எங்கே இருக்கிறது என்று தேடிப்போக வேண்டியதில்லை. பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கவுனி அரிசி தவிட்டோடு இருப்பதால் நார் மிகுந்தது. வாழைத்தண்டும் வாழைப்பூவும் கொண்டைக்கடலையும் அப்படியே. சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. பழைய சோற்றுக்கு இந்த வகையிலும் ஒரு மதிப்பு உண்டு. இதைப் படித்துவிட்டுக் கவுனி அரிசி குடல் நோயைக் குணமாக்கும் என்று யாரும் செய்தி பரப்ப வேண்டாம். சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய கவுனி அரிசி விருந்துக்கான இனிப்பு. அது அந்த மகிழ்ச்சிக்காகவே இருக்கட்டும்.

## எப்போது கற்கிறது?

பிறப்பின்போதும் அதன் பிறகும் பாக்டீரியாக்கள் குழந்தையின் குடலில் குடியேறத் தொடங்குகின்றன. அப்போது குழந்தையின் சொந்த ஐஜிஏ மிகக் குறைவு. தாய்ப்பாலில், அதிலும் முதலில் வரும் சீம்பாலில், தாயின் ஐஜிஏ நிறைய இருக்கிறது. தாய்ப்பாலிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. பிஃபிடோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு வளர்கின்றன. சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைக்கும் வழக்கத்தை மருத்துவர்கள் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு நியாயம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும்.

பாக்டீரியாவே இல்லாமல் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் சுண்டெலிகள், பாக்டீரியா இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்பதைக் காட்டுகின்றன. அவற்றின் குடலில் நிணநீர்த் திட்டுகள் சிறுத்திருக்கும். ஐஜிஏ சுரக்கும் செல்கள் மிகக் குறைவாக இருக்கும். பால்குடி மறந்து திட உணவுக்கு மாறும் சில வாரங்களில் பாக்டீரியாக்களின் சந்திப்பைத் தடுத்துவிட்டால், அதே சுண்டெலிகள் வளர்ந்தபின் அழற்சிக்கு எளிதில் ஆளாகின்றன என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதக் குழந்தையில் அந்தக் காலம் இன்ன வாரத்தில் தொடங்கி இன்ன வாரத்தில் முடிகிறது என்று இதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

## சகிப்பு குலையும்போது

1993-இல் இன்டர்லூக்கின்-10 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியபோது அவற்றுக்குக் குடல் அழற்சி வந்தது. அதே வகைச் சுண்டெலிகளைப் பாக்டீரியா இல்லாத சூழலில் வளர்த்தபோது வரவில்லை. நோய்க்கு இரண்டும் சேர வேண்டியிருக்கிறது: குடலில் பாக்டீரியா இருக்க வேண்டும், அதைப் பொறுக்கும் பாடம் உடைந்திருக்க வேண்டும். அந்தப் புரதத்தை ஏற்கும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் கெட்டுப்போன மனிதக் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையான குடல் அழற்சி வருவது 2009-இல் அறியப்பட்டது.

பெரியவர்களுக்கு வரும் கிரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி என்ற நீடித்த குடல் அழற்சி நோய்களில் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. மரபணு, கோழையின் நிலை, பாக்டீரியாக்களின் கலவை, புகைபிடித்தல் எனப் பலவும் சேர்கின்றன. இந்நோயாளிகளுக்குக் குறைந்துபோனது ‘எதிர்ப்பு சக்தி’ அன்று; தம் குடல்வாசிகள்மேல் அது அளவுக்கு மீறிப் பாய்கிறது. ஆகவேதான் மருத்துவர்கள் அதை அடக்கும் மருந்துகளைத் தருகிறார்கள். எதிர்ப்பைக் கூட்டுவதாக விற்கப்படும் பொடியை இவர்களுக்குப் பரிந்துரைக்கும் உறவினரின் அன்பு உண்மையானது, பரிந்துரை தவறானது.

மலத்தில் இரத்தம் வந்தால் நம் ஊர்களில் முதலில் உடம்புச் சூடு என்பார்கள், அடுத்து மூலம் என்பார்கள். இளநீரிலும் வெந்தயத்திலும் மாதங்கள் போய்விடும். இரத்தம், வாரக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் போக்கு, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் குடல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குடலில் வரும் காசநோய், அறிகுறியிலும் உள்நோக்கிப் படத்திலும் கிரோன் நோயைப் போலவே தோன்றக்கூடும். கிரோன் நோய்க்காக எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் காசநோயாளிக்குக் கொடுத்தால் காசநோய் பரவிவிடும். அதனால் மருத்துவர்கள் திசுத்துணுக்கை எடுத்துச் சோதித்து, ஐயம் தீராவிட்டால் முதலில் காசநோய் மருந்தைச் சில வாரங்கள் கொடுத்துப் புண் ஆறுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முடிவுக்குப் போகிறார்கள்.